அடுப்பு எது, பாத்திரம் எது

அன்புள்ள மணி,

இது குக்கரைப் பற்றிய கடிதம். நீ சிரிக்கலாம். பாதியில் மடித்து வைத்துவிட்டு, போனில் "படிச்சேன் அம்மா" என்று சொல்லவும் உன்னால் முடியும். அப்படிச் செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா உன் ஃபிளாட்டுக்கு வருகிறார். மஸ்கட்டில் உன் அக்காவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நான் திரும்பும் வரைக்கும், ஏறக்குறைய மூன்று மாதம், உன்னோடு இருப்பார். சர்க்கரை உள்ளவர். தெருவோடு ஒட்டிக்கிடக்கும் இந்த நீள வீட்டில் அவரைத் தனியே விட எனக்கு மனமில்லை. தினமும் காலையில் குளித்துவிட்டு, தன் சுவாமிக்கு ஒரு பிடி சாதத்தைத் தானே வைக்கிற மனிதர் அவர். உன் சமையலறையில் அந்தச் சாதத்தை அவர் உயிருக்கு ஆபத்தில்லாமல் வைக்க வேண்டும். மானத்துக்கும் ஆபத்தில்லாமல். இரண்டில் ஒன்றை மட்டும் காப்பாற்றுவது சுலபம். இரண்டையும் காப்பாற்ற வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

மலையாளத்துப் பெண் ஸ்மிதாவுக்கு, உன்னைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, தமிழ் பேச ஓரளவு வரும், படிக்க வராது. நீ படித்துச் சொல். அவள் நம்மைப் போல அக்ரஹாரத்தில் வளர்ந்தவள் இல்லை. அவளுக்காகத்தான் உனக்குத் தெரிந்ததையும் விளக்கி எழுதுகிறேன்.

மடி என்பது குளித்து, வேறு யாரும் தொடாத துணியை உடுத்திச் சமைப்பது. முந்தின நாள் துவைத்த வேஷ்டி உயரக் கொடியில் தனியாகக் கிடந்து உலர்ந்திருந்தால் அதை உடுத்தலாம். உலராவிட்டால் ஈரத்தோடு உடுத்த வேண்டியதுதான். ஜூன் மாத இடவப்பாதி மழையில் இந்த ஊரில் எது உலர்கிறது? பத்து என்பது இன்னொரு விதி. சாதம் வெந்த பாத்திரத்தைத் தண்ணீர் விட்டு முழுக்கக் கழுவும்வரை அது பத்து. அதைத் தொட்ட கையும் பத்து. விறகடுப்புக் காலத்தில் உண்டான விதிகள். அவற்றுக்குத் தண்ணீரும் நெருப்பும் தெரியும், மின்சாரம் தெரியாது. குக்கரோடு வந்த கையேட்டுக்கு மின்சாரம் தெரியும், பத்து தெரியாது. அடிப்பாகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது என்று அதில் ஒரே ஒரு வரி. ஒருவர் எதற்காக அதைத் தண்ணீரில் அமிழ்த்தப் போகிறார் என்று எழுதியவர் யோசித்திருக்க மாட்டார்.

குக்கர் நம் வீட்டுக்கு வந்த காரணம் உனக்கு நினைவிருக்கும். அப்பா கேஸ் அடுப்பை அணைக்க மறக்க ஆரம்பித்திருந்தார். இரண்டு தடவை வாசனை வந்து நான் ஓடினேன். அக்காவிடம் சொன்னேன். தானே அணைந்துவிடும் அடுப்பு ஒன்று இருக்கிறது என்றாள். அடுத்த லீவில் அத்திம்பேர் அதைக் கொண்டுவந்தார். பிளக்கில் மூன்று சதுரக் கால்கள். நம் சமையலறைப் பலகையிலோ இரண்டு வட்டத் துளைகள். நீ அப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாய், பசியோடு.

"அஞ்சு நிமிஷம்" என்றாய். பிளேடால் வயரை நறுக்கினாய். அப்பா பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மூன்று கம்பிகள். இரண்டு கால் பிளக்குக்கு இரண்டு போதும்.

"இது ஒண்ணு மிச்சம் வர்றதேடா? பச்சையா இருக்கே."

"அது எர்த்து அப்பா. அது இல்லாட்டாலும் ஓடும்."

"ஓடும், அல்லே?"

"ஓடும்னு சொன்னேன் இல்லையா. டார்ச்சை நேரே பிடிங்கோ."

பச்சைக் கம்பியை நறுக்கி டேப் சுற்றினாய். ஓடியது. விளக்கு எரிந்தது. அரிசி வெந்து, பொத்தான் டக் என்று தானே மேலே வந்தபோது நாம் எல்லோரும் கை தட்டினோம். அப்பாவும்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. அப்பா குக்கரை ஏற்றுக்கொண்டார், தன் விதிகளோடு. காலையில் ஈர வேஷ்டியோடு வந்து சாதம் வைப்பார். நைவேத்தியம் முடிந்ததும் குக்கரை அப்படியே தூக்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போவார். சாதம் வெந்ததல்லவா, முழுக்கப் பத்து. மேலிருந்து கீழ்வரை தண்ணீர் விடுவார். பிறகு கவிழ்த்து வெயிலில் வைப்பார். வெயில் அடிக்கிற மாதங்களில் எப்படியோ உலர்ந்தது. நான் பாடம் நடத்தக் காலேஜுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதைப் பார்த்துக்கொண்டே போவேன். வீட்டில் தினமும் நடப்பது எதுவும் கண்ணில் படுவதில்லை.

ஜூன் வந்தது. ஒரு காலை, மூடி கீழே விழுந்து உருளும் சத்தம். போய்ப் பார்த்தேன். அப்பா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். தரை முழுக்க அவருடைய ஈரக் கால்தடம். "மூடி வழுக்கித்து" என்றார். முகம் வெளுத்திருந்தது. எழுந்து, அன்றைய பூஜையை முடித்தார். மறுநாள் காபி கொடுத்தேன். டம்ளரை இடது கையால் வாங்கினார்.

அந்தக் கையால் அவர் எதையும் வாங்கி நான் கண்டதில்லை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. வலது கை சித்தெ மரத்துப்போயிருக்கு. பயப்படாண்டாம்."

"குக்கரா?"

"சின்னதா ஒரு தட்டு தட்டித்து. அவ்வளவுதான்" என்றார். ஏதோ கன்றுக்குட்டி முட்டிவிட்டது போல.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். இதயத்தைப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். சாயங்காலம் எலெக்ட்ரீஷியன் வந்தார். மார்த்தாண்டத்துக்காரர், வாய் ஓயாதவர். குக்கரைக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றினார். உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது.

"சாமி, இதுல சோறு பொங்கினேளா, மீன் வளத்தேளா?"

அப்பா சிரிக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் பிளக்கைப் பிரித்தார்.

"எர்த்தை நறுக்கி விட்டிருக்கே. இது யாரு பாத்த வேல?"

"வரச்சே அப்படித்தான் இருந்தது" என்றார் அப்பா.

"கல்ஃப் சாமானமில்லா? அங்க இப்பிடி விடமாட்டானுவளே."

"நம்மாத்துக்கு வந்து சேரச்சே அப்படி ஆயிடுத்து."

எலெக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே போனதில் மின்சாரம் வெளித்தகட்டுக்கு வந்துவிட்டது என்று அவர் சொன்னார். எர்த் கம்பி இருந்திருந்தால் அது அந்த வழியே தரைக்கு இறங்கி ஃப்யூஸைப் போக்கியிருக்கும், மூடியைத் தொடுவதற்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்கும். கம்பி இல்லை. அதனால் குக்கர் ஒன்றும் தெரியாதது போல ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஈர வேஷ்டியோடு, ஈரத் தரையில், வெறுங்காலோடு ஒருவர் வந்து தொட்டார். நீ அடைத்தது ஒரு வழி. அவர் திறந்துவிட்டது ஒரு வழி. இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் அன்று பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இதை எந்தக் கோபமும் இல்லாமல் எழுதுகிறேன். கோபப்பட வேண்டியவர் அப்பா. எலெக்ட்ரீஷியன் போனதும் அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவன்கிட்டே சொல்லாண்டாம், கேட்டயா. பரீட்சை வர்றது. மனசுல கிடந்து உறுத்தும்."

சனிக்கிழமை நீ வந்தாய். ஷாக் அடித்ததை மட்டும் சொன்னேன். நீ அப்பாவிடம் போய், "ஈர வேஷ்டியும் கட்டிண்டு கரண்ட்டைத் தொட்டா, சுவாமியா வந்து ஃப்யூஸைப் பிடுங்குவார்?" என்று கேட்டாய். அப்பா, "அதும் செரிதான்" என்றார். சமையலறையில் மூன்று துளைப் பலகை புதிதாக வந்திருந்தது. குக்கரில் புதிய பிளக். நீ கவனிக்கவில்லை. பிறகு அந்தக் கேள்வியைப் பலரிடம் சொல்லிக் காட்டினாய், உன் கல்யாணத்துக்கு வந்த சிநேகிதர்களிடமும். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு. அப்பாவும் கூடவே நின்று சிரித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் உன் வீட்டுக்குள் நுழையும்போது அந்தக் கதையின் கோமாளியாகத்தான் நுழைவார். அதனால்தான் அவருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பச்சைக் கம்பியைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கு உறுத்தட்டும் என்பதற்காக இல்லை. அந்தக் கதையை இனிமேல் நீ சொல்லாமல் இருப்பதற்காக.

குழாயடி விஷயம் எப்படி முடிந்தது என்பதும் உனக்குத் தெரியாது. குக்கரைக் கழுவக்கூடாது என்று நானும் எலெக்ட்ரீஷியனும் சொல்லிப் பார்த்தோம். "பத்துப் பாத்திரத்தைக் கழுவாம எப்படி வைக்கறது?" என்றார். கழுவாமல் வைப்பதைவிடக் குக்கரே வேண்டாம் என்றார். மறுபடியும் கேஸ், மறுபடியும் வாசனை. எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் கேட்டேன்: "கேஸ் அடுப்பைக் குழாயடிக்குத் தூக்கிண்டு போறேளா?"

"அது அடுப்பு."

"இது?"

இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போதுகூட அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு ஒரு காலை, உள்ளே இருந்த பானையை மட்டும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். திரும்பி வந்து, நான் கேட்காமலே சொன்னார்: "வெளிக்கூடு அடுப்பாக்கும். உள்ளே இருக்கறதுதான் பாத்திரம். அடுப்பைத் துடைச்சாப் போரும்."

நான் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவள். ஒரு பொருளை எந்தப் பெயரின் கீழ் வைப்பது என்பதைப் பற்றி எத்தனையோ பக்கம் வாசித்திருக்கிறேன். அந்தத் தீர்ப்பு ஓர் உயிரைக் காப்பாற்றியதை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு நம் வீட்டுக் குக்கரின் வெளிக்கூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு தரம் துடைப்பார். ஆவி வந்து சேரும் சின்னக் கிண்ணத்தைத் தினமும் கொட்டுவார். உன்னைவிடச் சுத்தமாகக் குக்கரைப் பார்த்துக்கொள்கிற மனிதர்தான் உன் வீட்டுக்கு வருகிறார்.

இனி உன் வீடு. போன தடவை வந்தபோது பார்த்தேன். குக்கர், மிக்ஸி, உன் மொபைல் சார்ஜர் எல்லாம் ஒரே நீட்டுப் பலகையில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். அதைப் பிரித்துவிடு. குக்கர் சுவரிலுள்ள மூன்று துளைச் சாக்கெட்டில் தனியாக இருக்க வேண்டும், தொட்டியிலிருந்து கை எட்டாத தூரத்தில். மேல் அலமாரிக்கு அடியில் வைக்காதே. ஆவி மேலே போய்ப் பலகையை ஊறவைக்கும், சுவிட்சுக்குள்ளும் போகும். உன் வாசலுக்கு மேலே உள்ள பெட்டியில், கசிவு வந்தால் கரண்ட்டை நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான். அப்பா வருவதற்கு முன் அழுத்திப் பார். டக் என்று விழ வேண்டும். விழாவிட்டால் ஆளைக் கூப்பிடு. நீயே பிரித்துப் பார்க்காதே. நீ இப்போது கம்ப்யூட்டருக்குள் வேலை செய்கிறவன்.

உள்பானையின் வெளிப்புறம் உலர்ந்திருக்க வேண்டும். அப்பா அதைச் சொட்டச் சொட்டக் கொண்டுவருவார், ஏனென்றால் துடைக்கிற துணியும் மடியாக இருக்க வேண்டும். அவருக்கென்று ஒரு துண்டைத் தனியாகப் போட்டு வை. துடைத்துவிடுவார். பானையை வைத்ததும் இடமும் வலமும் லேசாகத் திருப்பினால் அடியில் சரியாக உட்காரும். தகட்டில் ஒரு பருக்கை கிடந்தாலும் பானை சாயும், ஒரு பக்கம் கருகும், தகடும் கெடும். உள்ளே அந்தக் கறுப்புப் பூச்சு இருக்கிறதே, அதைத் தேங்காய் நாரால் தேய்க்க விடாதே, இரும்புக் கரண்டியும் வேண்டாம். வேலை முடிந்ததும் முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கை அதன் தலையைப் பிடித்து எடுத்து, பிறகுதான் பானையைத் தூக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுப்பது உன் பழக்கம், அப்பாவின் பழக்கம் அல்ல. பிளக்குக்குப் பக்கத்தில் வயர் வெடித்திருந்தாலோ தொட்டால் சுட்டாலோ அன்றைக்குக் குக்கர் வேண்டாம். ஐப்பசி மழையோடு துலாவர்ஷ இடி தொடங்கப் போகிறது. மத்தியானம் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கி வை. குக்கரின் அடியில் எறும்பு கூடு கட்டும், நம் ஊரில் சூடு உள்ள இடமெல்லாம் அதற்கு வீடுதான். வாரத்துக்கு ஒரு தரம், பிளக் இல்லாதபோது, கவிழ்த்துப் பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைக் கண்காணிக்க வேண்டும். பாயசம். அரிசியும் வெல்லமும் சேர்ந்து இறுகுவதற்கு முன்பே பொத்தான் மேலே வந்துவிடுகிறது என்று அவருக்குக் குறை. ஒரு ஸ்பூனைச் செருகி அதைக் கீழே அழுத்தி வைப்பார். இரண்டு தடவை பிடித்திருக்கிறேன். தானே மேலே வருவதுதான் அந்தப் பொத்தானின் புத்தி. அதைக் கட்டிப்போட்டால் அடி சிவக்கச் சிவக்கச் சூடேறிக்கொண்டே போகும். இதை நீ சொல்லாதே. ஸ்மிதாவைச் சொல்லச் சொல். அவள் சொன்னால் கேட்பார்.

முக்கியமானது வேஷ்டி. அவரிடம் ஈரத்தோடு நிற்காதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை. உலர்ந்த மடி இருந்தால் அவரே ஈரத்தை உடுத்த மாட்டார். உன் சின்ன அறையில், ஃபேனுக்குக் கீழே, கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கம்பி மாட்டு. ராத்திரி ஃபேன் ஓடட்டும். வேஷ்டியைக் குச்சியால் அவரே போடுவார், அவரே எடுப்பார். அந்தக் கம்பியை வேறு யாரும் தொடாமல் இருந்தால் போதும். காலையில் உலர்ந்த வேஷ்டி. அடுப்படியில் நிற்க ஒரு மரப்பலகை. இவ்வளவுதான். இதற்கு நீ எதையும் நம்ப வேண்டிய அவசியமில்லை.

போன வாரம் ஸ்மிதா போன் செய்தாள். "அம்மே, அச்சனு ஏது அரியாணு வேண்டது?" என்று கேட்டாள். அப்பாவுக்குப் பச்சரிசி என்றேன். "அச்சனு வேறொரு குக்கர் வாங்ஙாம். ஞங்ஙளுடேது ஞங்ஙள் தொடுந்நதல்லே" என்றாள். அப்பாவுக்கு வேறு குக்கர் வாங்கலாம், உங்கள் குக்கர் நீங்கள் தொட்டது என்று அவளுக்குக் கவலை. யாரும் சொல்லாமல் அவளுக்கே தோன்றியிருக்கிறது. அவளிடம் சொல், இன்னொரு குக்கர் வேண்டாம். அப்பாவின் தீர்ப்புப்படி அது அடுப்பு. அடுப்பை யாரும் தொடலாம். அதே அளவில் இன்னொரு உள்பானை மட்டும் வாங்கினால் போதும். அளவு மாறக்கூடாது, நெளிந்ததும் கூடாது, அடித்தகட்டில் முழுக்கப் பொருந்த வேண்டும்.

இங்கேயே முடித்திருப்பேன். நேற்று வேறொன்று நடந்தது.

அப்பா தன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வேஷ்டி, மாத்திரை, மூக்குக் கண்ணாடி. பூஜை அறையைப் பார்த்தேன். அவர் தினமும் சாதம் வைக்கிற சுவாமி, அந்தச் சாளக்கிராமப் பெட்டி, இல்லை.

"எங்கே?"

"எதிராத்து வாத்தியார்கிட்டே குடுத்தாச்சு. அவர் பூஜை பண்ணிப் பாத்துப்பார்."

"ஏன்?"

வேஷ்டியை மறுபடியும் மடித்தார். அது ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

"நான் அங்கே போயி மடி, பத்துன்னு நின்னா அவனுக்குக் கோபம் வரும். அந்தக் குட்டி ஸ்மிதாவுக்கு சங்கடமாக்கும், அவ ஆத்துல அவளே தள்ளி நிக்கற மாதிரி. நான் அவா போடறதைச் சாப்பிட்டுண்டு இருந்துக்கறேன். மூணு மாசம்தானே."

"உங்களால முடியுமா?"

"முடியாம என்ன? எல்லாரும் இருக்காளே."

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, ஜுரத்திலும் சரி, ஷாக் அடித்த அன்றும் சரி, அவர் அந்தச் சாதத்தை வைக்காமல் ஒரு வாய் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. நான் அதை நம்புகிறேனா என்று நீ முன்பு ஒரு தடவை கேட்டாய். இல்லை. ஆனால் காலையில் அவர் கை எதைச் செய்கிறதோ அதை எடுத்துவிட்டால், மீதி நாளை அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. உன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், சிரித்துக்கொண்டே இருப்பார். நீ ஆபீஸிலிருந்து வந்து, அப்பா நன்றாக இருக்கிறார் என்று எனக்குப் போன் செய்வாய்.

நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. உனக்காகக் கொடுத்ததை உன்னால்தான் திரும்பக் கேட்க முடியும். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போகக் காரில் வரும்போது வாத்தியார் வீட்டுக்கு நேரே போகாதே. முதலில் அப்பாவிடம் வா. கம்பி மாட்டியாயிற்று, புதுப்பானை வந்தாயிற்று, சுவாமியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல். தமிழில் சொல், அவசரப்படாமல். எர்த்தைப் பற்றி ஒன்றும் பேசாதே, உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. அவர் வேண்டாம் என்பார். இரண்டாம் தரம் கேள். அப்போதும் வேண்டாம் என்பார், ஆனால் எழுந்துவிடுவார். எதிர்வீட்டுக்கு அவரை முன்னால் விட்டு நீ பின்னால் போ.

அந்தச் சாளக்கிராமப் பெட்டியை அவர் மடியில் வைத்துக்கொள்ள மாட்டார், டிக்கியில் வைக்கவும் சம்மதிக்க மாட்டார். காரின் பின் சீட்டை அதற்கென்று முழுக்கக் காலி செய்துகொண்டு வா.

அம்மா